ட்ரோன் பிறகு வாங்கலாம், முதலில் வயர்

எங்கட ஊர்களில் இப்போது நடக்கிற நிகழ்வுகளின் வீடியோக்களை எடுத்துப் பாருங்கள். படத்தில் குறை சொல்ல ஏலாது. கோபுரத்துக்கு மேலால் ட்ரோன் சுற்றுகிறது, மேடையில் நிற்பவரின் நெற்றி வியர்வை வரைக்கும் துல்லியமாகத் தெரிகிறது. அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் விளங்காது. கிணத்துக்குள் நின்று கதைக்கிற மாதிரி ஒரு முழக்கம், பக்கத்தில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம், நடுவில் பிளாஸ்ரிக் கதிரை இழுபடுகிற சத்தம். இரண்டு சொல் பிடிபடும், மிச்சத்தை நாங்களே ஊகிக்க வேணும்.

மங்கல் படத்தோடு தெளிவான குரல் வந்தால் கடைசி வரைக்கும் கேட்டு முடிப்பம். தெளிவான படத்தோடு மங்கல் குரல் வந்தால் ஒரு நிமிசத்தில் தள்ளிவிட்டுப் போயிடுவம். இது எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஆனாலும் ஒரு இளைஞர் கழகம் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் முதலில் கேட்கிற கேள்வி "என்ன கமரா வாங்கலாம்" என்பதுதான். இந்த ஒழுங்கு பிழை என்பது எங்கட கருத்து. முதல் காசு ஒரு சின்ன வயர்ப் பைக்குப் போக வேணும். பிறகு ரெக்கோடர். அதுக்கும் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறம் என்றால், பதியப்படுகிறது வெறும் கலியாண வீடும் பிறந்தநாளும் இல்லை. ஒரு அண்ணாவியார் கடைசியாக ஆடுவிக்கிற கூத்து அது. எழுபது எண்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்து சொல்லுகிற இடப்பெயர்வுக் கதை அது. அளவெட்டி வி. தெட்சணாமூர்த்தி 1975 இல் காலமானவர். எங்கட வயதுக்காரர் ஒருவரும் அவருடைய தவிலை நேரில் கேட்டிருக்க ஏலாது. பெரியவர்கள் சொல்லுகிற கதைகளும், யாரோ அக்கறையோடு பிடித்து வைத்த ஒலிப்பதிவுகளும்தான் எங்களிட்ட இருக்கு. 1981 இல் யாழ் பொது நூலகத்தை எரித்துத்தான் ஏடுகளையும் புத்தகங்களையும் அழித்தார்கள். குரலை எரிக்கத் தேவையில்லை, ஒழுங்காகப் பதியாமல் விட்டாலே போதும். அந்தக் காலத்தில் கருவி இல்லை என்று சொல்லலாம். இப்ப ஒவ்வொரு சட்டைப் பைக்குள்ளும் கருவி இருக்கு. இல்லாதது பெரும்பாலும் ஒரு வயர்.

போனை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் என்ன என்று கேட்கலாம். பேச்சாளரின் மைக் அவருடைய வாயில் இருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கு. அந்த இடத்தில் அவருடைய குரல் சுத்தமாக இருக்கு. அது மிக்சருக்குப் போய், அம்புக்குப் போய், ஸ்பீக்கரால் வெளியில் வந்து, மண்டபத்தின் தகரக் கூரையிலும் சீமெந்துச் சுவரிலும் பட்டுத் தெறித்து, நூறு பேரின் கதையோடு கலந்துதான் உங்கட போனுக்கு வருகிறது. மிக்சரில் இருந்து நேரடியாக எடுத்தால் அந்த வழி முழுவதையும் தவிர்க்கலாம். வித்தியாசம் கேட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சரி, மிக்சரின் எந்த ஓட்டையில் இருந்து எடுக்கிறது?

முதலில் எதில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுறம். எங்கட பக்கத்துச் சின்ன மண்டபங்களிலும் சனசமூக நிலையங்களிலும் அம்பும் மிக்சரும் ஒன்றாக இருக்கிற பெட்டிகள் கனக்க இருக்கு. அவற்றின் பின்னால் ஸ்பீக்கருக்குப் போகிற ஓட்டையும் சில நேரம் அதே கால் அங்குல ஜாக் பின் ஓட்டைதான். பார்க்க ஒரே மாதிரி. ஆனால் 200 வாட் சக்தி 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகிறது என்றால் கணக்குப்படி அங்கே 40 வோல்ட் இருக்கு. ஒரு ரெக்கோடர் எதிர்பார்க்கிறது ஒரு வோல்ட் அளவு. செருகின அடுத்த கணம் ரெக்கோடர் முடிந்துது. "ஸ்பீக்கர்" என்று எழுதியிருக்கிற எதிலும் கை வைக்க வேண்டாம். ஒன்றும் எழுதாமல் இருந்தால், அந்தப் பெட்டியின் சொந்தக்காரரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

எடுக்கக் கூடியவற்றில் மிகச் சுலபமானது "ரேப் அவுட்" அல்லது "ரெக் அவுட்" என்று எழுதியிருக்கிற சிவப்பு வெள்ளை ஓட்டைகள். பழைய ரிவி, டெக்குக்குப் போட்ட அதே ஆர்.சி.ஏ பின்கள். கசெற்றில் பதிகிற காலத்தில் இதுக்கென்றே வைத்த வாசல் அது. மெயின் அவுட்டில் இருந்தும் எடுக்கலாம், ஆனால் அது ஏற்கெனவே ஸ்பீக்கர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஹெட்போன் ஓட்டையில் இருந்தும் சத்தம் வரும், வேறு வழி இல்லாவிட்டால் எடுக்கலாம். ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருங்கள்: சவுண்ட் பார்க்கிற அண்ணை ஒரு மைக்கை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்க்க ஒரு பொத்தானை அமத்துவார். அமத்தின உடனே உங்கட பதிவிலும் அந்த ஒரு மைக் மட்டும்தான் விழும். பாட்டு நடுவில் பாட்டுக்காரி காணாமல் போய் மிருதங்கம் மட்டும் அரை நிமிசம் கேட்கிற பதிவுகளின் இரகசியம் அதுதான். யூ.எஸ்.பி உள்ள புதிய மிக்சர் என்றால் ஒரு வயரில் மடிக்கணினிக்கு எடுக்கலாம். எங்களுக்குப் பிடித்தது "ஓக்ஸ்" என்கிற வழி. ஏன் என்று பிறகு வாறம்.

அதுக்கு முதல் வோல்ட் கணக்கு. இதுதான் கனபேர் தவறவிடுகிற இடம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு மைக்கில் இருந்து வருகிற மின்சாரம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குதான். இது மைக் மட்டம். மிக்சரில் இருந்து வெளியில் வருகிறது லைன் மட்டம், அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிசு. லைன் மட்டத்திலும் இரண்டு சாதி இருக்கு. மெயின் அவுட் மாதிரியான தொழில்முறை வாசல்களில் அது ஏறத்தாழ 1.23 வோல்ட். சிவப்பு வெள்ளை பின்களில் ஏறத்தாழ 0.3 வோல்ட். ஒன்று மற்றதைவிட நாலு மடங்கு.

இப்ப போனின் ஹெட்போன் ஓட்டையை எடுங்கள். அதில் மைக்குக்கு இருக்கிற வாசல் மைக் மட்டத்துக்கானது. அதுக்குள் லைன் மட்டத்தைக் கொண்டுபோய்ச் செருகினால் குழாய்த் தண்ணியைப் பிடிக்கிற சிரட்டையில் தீயணைப்பு வண்டியின் தண்ணியைப் பிடித்த கதை. குரலின் மேல் நுனியெல்லாம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பிறகு கணினியில் போட்டுச் சத்தத்தைக் குறைத்தாலும் கரகரப்பு குறையாது, வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். போனின் ஓட்டை நாலு வளைய பின்னுக்கானது. சாதாரண மூன்று வளைய வயரைச் செருகினால் போன் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு, தன்னுடைய சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். திரையில் அலை மேலும் கீழும் ஆடும். எல்லாம் சரி என்று நீங்கள் போய்ச் சாப்பிடுவீர்கள். வீட்டில் போய்க் கேட்டால் பக்கத்துக் கதிரைக்காரரின் இருமல்தான் இருக்கும். பரிசோதிக்க ஒரு வழி இருக்கு. போனின் உடம்பை நகத்தால் தட்டுங்கள். தட்டின சத்தம் பதிவில் பெரிசாக விழுந்தால் வயர் வேலை செய்யவில்லை.

போனை விட்டால் இரண்டு நல்ல வழி. ஒன்று கையடக்க ரெக்கோடர். ஸூம் எச்4என் மாதிரியானவற்றில் கீழே இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கு, எக்ஸ்.எல்.ஆரும் ஜாக் பின்னும் இரண்டும் போகும். சின்ன எச்1 இல் 3.5 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று மட்டும்தான். மற்றது, மடிக்கணினியோடு ஒரு சின்ன யூ.எஸ்.பி ஓடியோ பெட்டி. பெரிங்கர் யூசிஏ202 ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, சிவப்பு வெள்ளை பின்களை நேரே எடுக்கும், லைன் மட்டத்துக்கென்றே செய்தது. ரேப் அவுட்டில் இருந்து அதுக்கு ஒரு ஆர்.சி.ஏ வயர், அவ்வளவுதான். சின்ன நிகழ்வுகளுக்கு இதைவிட ஆடம்பரம் தேவையில்லை என்பது எங்கட அபிப்பிராயம்.

இப்ப பின்களின் கதை. கால் அங்குல ஜாக் பின் 19 ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் இணைப்புக் கொடுக்கிறவர்கள் செருகி எடுத்த பின். ஆர்.சி.ஏ என்பது அமெரிக்க வானொலிக் கம்பனி ஒன்றின் பெயரின் முதல் எழுத்துக்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு தேவைக்கு வந்தது. பிரச்சினை என்னவென்றால் பின்னின் உருவத்தைப் பார்த்து அதுக்குள் என்ன போகிறது என்று சொல்ல ஏலாது. மூன்று வளையம் உள்ள ஒரு ஜாக் பின்னை எடுங்கள். அதில் இடது வலது என்று இரண்டு வேறு சத்தம் போகலாம், அது ஸ்ரீரியோ. அல்லது ஒரே சத்தம் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் போகலாம், அது பாலன்ஸ்ட்.

பாலன்ஸ்ட் என்றால் என்ன? நீளமான வயர் ஒரு அன்ரனா மாதிரி. பக்கத்தில் போகிற மின்சார வயர், ரியூப் லைற், போன் எல்லாவற்றின் இரைச்சலையும் பிடிக்கும். அதனால் ஒரே குரலை ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். வழியில் வருகிற இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். அந்தப் பக்கத்தில் வாங்குகிற கருவி ஒன்றில் இருந்து மற்றதைக் கழிக்கும். ஒரே மாதிரி ஏறின இரைச்சல் கழிபட்டுப் பூச்சியமாகும், எதிரெதிராக வந்த குரல் கூடிவிடும். இதனால்தான் எக்ஸ்.எல்.ஆர் வயரை 50 மீற்றர் இழுத்தாலும் சத்தம் சுத்தமாக வருகிறது. சிவப்பு வெள்ளை வயரை ஐந்தாறு மீற்றருக்கு மேல் இழுத்தால் உறுமத் தொடங்கும்.

இந்த அழகான தந்திரம் பிழையான வயரில் மாட்டினால் என்ன செய்யும் என்று பாருங்கள். எங்களிட்ட வேறு ஊர் நண்பர்கள் ஒரு பதிவைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் எக்ஸ்.எல்.ஆர், மற்றப் பக்கம் 3.5 மில்லிமீற்றர் ஸ்ரீரியோ பின் உள்ள ஒரு வயரால் மெயின் அவுட்டில் இருந்து எடுத்தது. ஹெட்போனில் கேட்டால் குரல் இருக்கு, ஆனால் தலைக்குப் பின்னால் எங்கேயோ நிற்கிற மாதிரி. போன் ஸ்பீக்கரில் போட்டால் குரலே இல்லை. வெறும் அமைதி, கொஞ்சம் இரைச்சல். கோப்பு பழுதாகிவிட்டது என்று அழிக்கப் போனார்கள்.

கோப்பில் ஒரு பிழையும் இல்லை. மிக்சர் நேராகவும் தலைகீழாகவும் அனுப்பின ஒரே குரலை அந்த வயர் நேரை இடதுக்கும் தலைகீழை வலதுக்கும் கொடுத்துவிட்டது. போனின் ஒற்றை ஸ்பீக்கர் இடதையும் வலதையும் கூட்டும். ஒன்றோடு மறை ஒன்றைக் கூட்டினால் பூச்சியம். யூரியூப்பில் போட்டிருந்தால் ஹெட்போன் மாட்டினவருக்கு மட்டும் கேட்டிருக்கும், போனைக் கையில் வைத்துப் பார்க்கிற எங்கட அம்மா அப்பாமாருக்குக் கேட்டிருக்காது. ஓடாசிற்றி என்கிற இலவச மென்பொருளில் போட்டு ஸ்ரீரியோவைப் பிரித்து, வலதை அழித்துவிட்டு இடதை மோனோவாக்கினால் போதும். ஒரு நிமிச வேலை, ஒன்றரை மணித்தியாலக் குரல் திரும்பி வந்துது. உங்களிட்டயும் இப்படிப் "பழுதான" கோப்புகள் கிடக்கலாம். அழிக்க முதல் ஒருக்கா இதைச் செய்து பாருங்கள்.

கடையில் போய் "எக்ஸ்.எல்.ஆருக்கு சின்னப் பின்" என்று கேட்டால் தருகிறது அனேகமாக அந்த வயர்தான். மிக்சரின் ஒரு வாசலில் இருந்து சின்ன ஸ்ரீரியோ ஓட்டைக்குக் கொண்டுபோவதென்றால் எங்களுக்குத் தேவை வேறு. எக்ஸ்.எல்.ஆரின் இரண்டாம் பின் சின்னப் பின்னின் நுனிக்கும் வளையத்துக்கும் இரண்டுக்கும் போக வேணும், முதலாம் பின் அடிக்கு, மூன்றாவது பெரும்பாலான மிக்சர்களில் ஒன்றுக்கும் போகாமல் நிற்க வேணும். சோல்டர் பிடிக்கத் தெரிந்த ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர் ஊரில் இருந்தால் அரை மணித்தியாலத்தில் செய்து தருவார். செய்தவுடன் அதில் ஒரு ரேப் துண்டு ஒட்டி என்ன வயர் என்று எழுதி வைக்க வேணும். பார்க்க மற்ற வயர் மாதிரியே இருக்கும், இருட்டில் மாறும்.

அடுத்தது உறுமல். 50 ஹேர்ட்ஸில் ஓடுகிற மின்சாரம் எங்கட நாட்டில், அதனால் அந்த "ம்ம்ம்" அடித்தொண்டையில் வரும். மடிக்கணினி ஒரு சொக்கெட்டில், மிக்சர் மண்டபத்தின் மற்றப் பக்கத்துச் சொக்கெட்டில் அல்லது ஜெனரேற்றரில். இரண்டுக்கும் எர்த் வேறு வேறு வழியாகப் போகிறது. இரண்டையும் ஓடியோ வயரால் இணைத்தவுடன் எர்த் ஒரு வட்டமாகி, அதில் ஓடுகிற மின்சாரம் உறுமலாகப் பதிவில் ஏறும். முதல் வைத்தியம் செலவில்லாதது: சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓட விடுங்கள். கையடக்க ரெக்கோடர் பற்றரியில் ஓடுவதால் இந்தத் தலையிடியே இல்லை, எங்களுக்கு அதைப் பிடிக்க அது ஒரு பெரிய காரணம். சார்ஜர் கட்டாயம் வேணும் என்றால் மிக்சர் செருகியிருக்கிற அதே பலகையில் செருகுங்கள். அதுக்கும் போகாவிட்டால் உள்ளுக்குள் சின்ன ட்ரான்ஸ்போமர் வைத்த ஒரு டி.ஐ பொக்ஸ் அல்லது எர்த் வட்டத்தைப் பிரிக்கிற சின்னப் பெட்டியை நடுவில் போட வேணும்.

செய்யக் கூடாத ஒன்று: எர்த் பின்னை வெட்டுகிறது. உறுமல் நிக்கும், உண்மைதான். எங்கட மண்டபங்களில் சதுரப் பின்னும் வட்டப் பின்னும் கலந்து கிடக்கிறதும், எர்த் ஓட்டைக்குள் ஈர்க்கோ பேனையோ குத்தித் திறந்து இரட்டைப் பின்னைச் செருகுகிறதும் எல்லாருக்கும் பழகின காட்சி. மழை ஈரத்தில் வெறுங்காலோடு நின்று உலோக மைக்கைப் பிடித்து ஆடுகிறவருக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் நிற்கிறது அந்தப் பின் ஒன்றுதான். பதிவுக்காக ஒருவரின் உயிரை வைத்து விளையாட ஏலாது. உறுமலோடு பதியலாம், பரவாயில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் மிக்சரில் இருந்து எடுத்த பதிவு உயிரில்லாமல் இருக்கலாம். வயர் விற்கிறவர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார். மிக்சரில் இருப்பது நிகழ்வின் சத்தம் இல்லை. நிகழ்வில் எது கேட்கவில்லையோ அதைக் கூட்டிக் கொடுக்கிற சத்தம் அது. ஒரு கூத்தை எடுங்கள். மத்தளத்துக்கு மைக்கே தேவையில்லை, ஊருக்கே கேட்கும். ஆகவே சவுண்ட் அண்ணை அதன் ஃபேடரைக் கீழே விட்டிருப்பார், அல்லது மைக்கே வைத்திருக்க மாட்டார். அவர் செய்தது சரி, அங்கே இருந்தவர்களுக்கு எல்லாம் அளவாகக் கேட்டது. உங்கட பதிவில் மட்டும் பாட்டு அந்தரத்தில் தொங்கும். மத்தளம் எங்கேயோ பக்கத்து ஊரில் அடிக்கிற மாதிரி இருக்கும். சலங்கை இராது. ஆடுகிறவருக்கு அடி தெரிவதே மத்தளத்தாலும் சலங்கையாலும்தான், அதைக் கழித்துவிட்டுப் பதிந்தது கூத்தே இல்லை. சபையின் சிரிப்பும் இராது, விடியப்புறம் ஒரு பாட்டி மேடையைப் பார்த்து ஏசினதும் இராது.

அதனால்தான் ஓக்ஸ் என்றோம். பல மிக்சர்களில் ஒவ்வொரு மைக்குக்கும் ஃபேடரைத் தவிர ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பி மண்டபத்துக்குப் போகிற அளவைத் தொடாமல், பதிவுக்கு வேறு அளவில் அனுப்பலாம். ஃபேடருக்கு முன்னால் எடுக்கிற ஓக்ஸாக இருந்தால் அண்ணை ஃபேடரை ஏத்தினாலும் இறக்கினாலும் உங்களுக்கு மாற்றம் இல்லை. (ஒரு எச்சரிக்கை: ஃபேடரை இறக்கினாலும் அந்த மைக் உங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மெல்லக் கதைத்த குடும்பக் கதையும் பதிவில் விழும். வெளியிட முதல் வெட்டிவிடுங்கள்.) மத்தளத்துக்கு ஒரு மைக் வைத்து, அதை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் ஓக்ஸுக்கு மட்டும் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

கூடவே சபைக்கு நடுவில், ஸ்பீக்கருக்கு நேரே இல்லாத இடத்தில், இன்னொரு ரெக்கோடரையோ போனையோ வையுங்கள். இங்கே போனின் சொந்த மைக் நல்ல வேலை செய்யும். மிக்சரில் இருந்து சொல், சபையில் இருந்து காற்று. பிறகு இரண்டையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலக்க வேணும். தொடக்கத்தில் மேடையில் மைக்குக்கு முன்னால் ஒருவர் ஒருக்கா பலமாகக் கைதட்டினால் இரண்டு கோப்பிலும் அந்தக் கூர் தெரியும், அதை வைத்துப் பொருத்தலாம். 12 மீற்றர் தள்ளி வைத்த போனுக்குச் சத்தம் ஏறத்தாழ 35 மில்லிசெக்கன் பிந்தித்தான் போய்ச்சேரும், அதையும் இந்தக் கைதட்டல் சரிசெய்யும். விடிய விடிய நடக்கிற கூத்தென்றால் இரண்டு கருவியின் மணிக்கூடும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், இடையிடையே திரும்பப் பொருத்த வேணும். அலுப்பு வேலைதான். ஆனால் வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்தில் என்ன வித்தியாசம் என்று இருபது வருசத்துக்குப் பிறகு ஒருவர் காதால் கேட்டுப் படிக்க வேணும் என்றால் அந்த மத்தளமும் சலங்கையும் அங்கே இருக்க வேணும்.

இதெல்லாம் நடக்கிறதா இல்லையா என்பது சவுண்ட் அண்ணையின் கையில். நிகழ்வு தொடங்கி, அவர் நாலு மைக்கோடும் ஒரு கீச்சுச் சத்தத்தோடும் போராடிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒரு வயரோடு போய் நின்றால் எந்த மனிசனும் ஏசுவான். ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கள். அவர் வயர் இழுக்கேக்க ஒரு கை கொடுங்கள். "அண்ணை, பதியிறதுக்கு ஓக்ஸ் ஒண்டு சும்மா கிடக்கோ? நாங்கள் உங்கட மெயினைத் தொடமாட்டம்" என்று கேட்டால் பெரும்பாலும் "தம்பி, மூண்டாவது கிடக்கு, கொழுவு" என்பார். அவருடைய பயம் நியாயமானது. பாதி நிகழ்வில் உங்கட வயரால் உறுமல் வந்தால் சபை ஏசுகிறது அவரைத்தான். எங்கட விளம்பரங்களில் ட்ரோன் பிடித்தவர் பெயர் வருகிறது, வீடியோ வெட்டினவர் பெயர் வருகிறது. மிக்சரில் நின்றவரின் பெயரும் வர வேணும், பதிவின் ஒரு பிரதியும் அவருக்குப் போக வேணும். அடுத்த முறை அவரே மத்தளத்துக்கு ஒரு மைக் கூட வைப்பார்.

பையுக்குள் என்ன இருக்க வேணும் என்று கேட்டால், எங்கட பதில் இது. எக்ஸ்.எல்.ஆர் வயர் இரண்டு, ஒன்று பத்து மீற்றராவது இருக்க வேணும், ஏனென்றால் மிக்சர் எப்போதும் நீங்கள் நினைத்த இடத்தில் இராது. சிவப்பு வெள்ளை வயர் ஒன்று. ஜாக் பின்னில் இருந்து எக்ஸ்.எல்.ஆருக்கு ஒன்று. மேலே சொன்ன, ஐயாவிடம் செய்வித்த வயர். ஆர்.சி.ஏயை ஜாக்காக்குகிற குட்டி மாற்றுப் பின்கள் இரண்டு. ஒரு ஹெட்போன், காதை மூடுகிறது. பற்றரி, ரேப், எழுதுகிற பேனை. தங்கம் பூசினது, ஒட்சிசன் இல்லாத செம்பு என்று பெட்டியில் எழுதி மூன்று மடங்கு விலை கேட்டால் வாங்க வேண்டாம், இந்த நீளங்களில் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. காசு போட வேண்டியது பின்னுக்கும் வயர் பின்னுக்குள் நுழைகிற இடத்துக்கும். வயர் நடுவில் அறுவது அபூர்வம், கழுத்தில்தான் அறும். பின்னைத் திருகிக் கழற்றக் கூடிய வயரை வாங்குங்கள், அறுந்தால் திரும்பச் சோல்டர் பிடிக்கலாம். ரப்பரால் ஒரே அச்சாக வார்த்த பின் அறுந்தால் குப்பைதான். நல்ல பெயருள்ள பின்களுக்குப் போலியும் கடையில் கிடக்கு, கையில் எடுத்துச் செருகிப் பார்த்து ஆடாமல் இருக்குதோ என்று பார்த்து வாங்குங்கள். முழங்கையில் சுற்றி முறுக்கி வைக்காமல் வளையம் வளையமாகச் சுற்றினால் வயர் பத்து வருசம் நிக்கும்.

பதிகிற அளவைப் பற்றிக் கடைசியாக. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பாகப் பதியுங்கள், ஸ்ரீரியோவில் ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்தான். ஒத்திகையில் மிகப் பெலத்துப் பாடுகிற இடத்தில் முள் −12 க்குக் கிட்ட நிக்கட்டும், அதுக்கு மேல் வேண்டாம். ஒத்திகையில் பாதிக் குரலில் பாடுகிறவர் சபையைக் கண்டவுடன் இரண்டு மடங்கு பெலத்துப் பாடுவார். ரெக்கோடரில் 48 வோல்ட் பன்ரம் பவர் போட்டிருந்தால் மிக்சருக்குச் செருக முதல் நிப்பாட்டுங்கள்.

அன்றிரவே வீட்டுக்குப் போய் ஒருக்கா முழுதாகக் கேளுங்கள். கோப்புக்குத் திகதி, ஊர், கூத்தின் பெயர், அண்ணாவியார் பெயர் எல்லாம் வைத்து, இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். 2005 இல் இருந்து எங்கட புத்தகங்களைச் சேர்த்துவருகிற நூலகம் திட்டத்தாரிடம் ஒலிப்பதிவுகளையும் கொடுக்கலாம். ஒரு பிரதியை அண்ணாவியார் வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்து, அவரோடு இருந்து கேளுங்கள். எந்த இடத்தில் எந்தத் தாளம் மாறுகிறது, எந்த வரியை ஆர் பிழையாகப் பாடினார் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அதையும் பதியுங்கள், அதுக்கு மிக்சர் வேண்டாம், போன் காணும்.